வெள்ளைக் கட்டிக்குள்ள ஒட்டகச்சிவிங்கி

என்னங்க,

வார்டுல லீவு தரல, கிளம்பிட்டேன்.

நேத்து ஃப்ரீசர்ல இருந்ததை மிச்சக் கிரீம்னு நினைச்சு ரொட்டியில தடவித் தின்னீங்களே, அது சின்னவளோட பிறந்தநாள் கேக்குக்கு நான் ரெண்டு நாளா மெனக்கெட்டு வரைஞ்ச ஒட்டகச்சிவிங்கி. தாள் மேல கலர் கிரீம்ல படம் வரைஞ்சு, அது மேல வெள்ளைக் கிரீம் பூசித்தான் உறைய வைக்கணும். "எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"னு கேக்கறீங்க. தின்னறதுக்கு முன்னாடி என்னைக் கேட்டிருக்கலாமே! கழுத்து மொத்தமும் உங்க வயித்துக்குள்ள.

விடிகாலையில எழுந்து மறுபடி வரைஞ்சிருக்கேன். கிரீம் பையைப் பிழிஞ்சு பிழிஞ்சு மணிக்கட்டு விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.

அஞ்சு மணிக்குப் பிள்ளைங்க வருவாங்க. அவங்க வந்தப்புறம் ஃப்ரீசர்ல இருந்து எடுங்க. முன்னாடியே எடுத்தா இளகிடும். வெள்ளைப் பக்கம் கேக்குல படற மாதிரி கவிழ்த்து, தாளை மெதுவா உரிங்க, படம் மேல தெரியும். ஒரு கையில போனை வெச்சுக்கிட்டு உரிக்காதீங்க.

"கடையிலயே வாங்கியிருக்கலாம்"னீங்களே, அதுக்கு வந்து வெச்சுக்கறேன்.

தாளை உரிக்கும்போது சின்னவ மூஞ்சி எப்படி மாறுதுன்னு பாத்து வைங்க. எனக்கு ஒண்ணு விடாம சொல்லணும்.

பி.கு: ஃப்ரிட்ஜ் கீழ்த்தட்டுல நீலக் கிண்ணம் இருக்கு. உங்க ரொட்டிக்குன்னு தனியா எடுத்து வெச்ச கிரீம். அடிவரைக்கும் கிண்டிப் பாத்துட்டேன், உள்ள எந்த மிருகமும் இல்ல. பயப்படாம சாப்பிடுங்க.