பிஸ்கட் டப்பாவில் என் முடி

1979 மார்ச் 5, திங்கள்
காலையிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. இவர் நியூசிலாந்து போக இன்னும் எட்டு நாள்.
பெட்டியில் இதுவரை: கம்பளிச் சட்டை 2, ரப்பர் பூட்ஸ், மழைக்கோட்டு, தைலம், ஊறுகாய் (நான் வைத்தது).
எஸ்டேட்டில் இவர் கிராணியாகக் கணக்கெழுதிய காலத்து வெள்ளைக்காரத் துரை கூப்பிட்டிருக்கிறாராம், ஆற்றில் மீன் பிடிக்க. ஏன், இங்கே லூமுட் கடலில் மீன் இல்லையா? அதுவும் பிடித்த மீனைத் திரும்ப ஆற்றிலேயே விட்டுவிடுவார்களாம். இதை நம்ப நான் என்ன இளிச்சவாயா?
கல்யாணமாகிப் பத்து வருடம், பிள்ளை இல்லை. சித்தியவானில் மாமியார் வேறு பெண் பார்க்கிறார். "அவன் வெளிநாடு போய்ட்டு வரட்டும், பேசிக்கலாம்." என் காதுபடத்தான் சொன்னார்.

மார்ச் 7, புதன்
வெயில். ஸ்டோர் அறை கூட்டினேன். மூன்று மாதமாக இவர் கதவைச் சாத்திக்கொண்டு என்ன செய்தார் என்று தெரிந்துவிட்டது. அரிசி மூட்டைக்குப் பின்னால் பிஸ்கட் டப்பா. உள்ளே: சேவல் இறகு, சிவப்பு நூல், அரிசியளவு கொக்கிகள். ஒவ்வொன்றிலும் இறகு சுற்றி, அதன் மேல் தலைமுடி. என் முடி. சீப்பிலிருந்து எடுத்தது.
மாதாமாதம் தன் அம்மா வீட்டிலிருந்து ஒரு காகிதப் பொட்டலம் கொண்டுவருவாரே, அது இந்த இறகுதான்.
பக்கத்து வீட்டு சரோஜா அக்காவிடம் காட்டினேன். தொடவே இல்லை. "செய்வினைதான் லா. ஒன்ன வீட்ட விட்டுக் கெளப்பத்தான். கடல்ல போட்டுட்டுத் திரும்பிப் பாக்காம வந்துரு."
"கொக்கி இருக்கேக்கா, மீனுக்கோ?"
"இத்துனூண்டு கொக்கில எந்த மீனு மாட்டும்? ஆள மாட்டத்தான்."
குழம்பில் இரண்டு தடவை உப்பு. பேசாமல் சாப்பிட்டார். அதுவே சந்தேகம்.

மார்ச் 8, வியாழன்
பஸ்ஸில் லூமுட். படகு ஜெட்டி ஓரத்தில் டப்பாவோடு கடலில் போட்டேன். பின்னால் சைக்கிள் மணி அடித்தும் திரும்பவில்லை. இடித்துவிட்டான். முழங்கையில் சிராய்ப்பு.

மார்ச் 10, சனி
மத்தியானம். ஸ்டோர் அறையில் எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுத் தேடிக்கொண்டிருந்தார். "பிஸ்கட் டப்பா எங்க?"
அவ்வளவுதான், கொட்டிவிட்டேன். சூனியம், அவர் அம்மா, புதுப் பெண், எல்லாம்.
பிறகு துரையின் கடிதத்தைக் காட்டினார். அதில் பேனாவால் வரைந்த பூச்சி. அந்த ஊர் மீன் தண்ணீர் மேல் உட்காரும் பூச்சியைத் தின்னுமாம். இறகால் பூச்சி செய்து ஏமாற்ற வேண்டுமாம்.
"சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"
"சொன்னா நீ ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்ப." அது உண்மை.
"என் முடி எதுக்கு?"
"பூச்சிக்குக் காலு. நூலு ஊறிப் போவுது. ஒன் முடிதான் நிக்குது."
"அந்தப் பொண்ணு?"
"அம்மா பேசும். நானா பேசுனேன்?" தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாப்பது பூச்சி. மூணு மாசம்."
திட்டியிருந்தால் தேவலை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

மார்ச் 11, ஞாயிறு
மேகமூட்டம். புதிதாகக் கட்ட மிச்சக் கொக்கி பதினொன்று இவரிடம் இருக்கிறது, இறகுக்காகச் சித்தியவான் போகத்தான் நேரமில்லை. சரோஜா அக்கா மார்க்கெட் போன நேரம் பார்த்து அவர் சேவலைப் பிடித்தேன். கழுத்திலிருந்து ஒரு கொத்து இறகு பிடுங்கினேன். என்ன கத்து கத்தியது, பாவி! பிறகு கொல்லையிலேயே உட்கார்ந்து என் பின்னல் நுனியைக் கத்தரித்தேன். நிமிர்ந்தால் வேலியோரம் அக்கா. என் ஒரு கையில் இறகு, மறு கையில் முடி, மடியில் சிவப்பு நூல்.
"மீனுக்குக்கா" என்றேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.
சாயங்காலம் வரை இருவரும் கட்டினோம். பதினோரு பூச்சி. என்னுடையது மூன்று. "இதத்தான் மொதல்ல போடுவேன்" என்று ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தார். பத்து வருடத்தில் இந்த மனிதர் என்னை ஒன்றுக்கும் பாராட்டியதில்லை.

மார்ச் 12, திங்கள்
பெட்டி கட்டியாயிற்று. நாளை புறப்பாடு.
காலையில் கூட்டப் போனால் வேலியில் குங்குமம் தடவிய பாதி எலுமிச்சம்பழம், எங்கள் வீட்டைப் பார்த்து. சேவல் கழுத்தில் கறுப்புக் கயிறு.
இவரிடம் சொன்னேன். சிரித்துச் சிரித்துப் புரையேறியது. "நான் வாரதுக்குள்ள அந்தச் சேவல மொட்ட அடிச்சிராத லா."
"வாரதுக்குள்ள" என்றார். அப்படியென்றால் வரும்போதும் இங்கே இருப்பது நான்தான். தேதி போட்டு எழுதி வைத்துவிட்டேன்.