அண்ணனின் மாத்திரையும் அண்ணியின் கைபேசியும்

பிப்ரவரி 3, திங்கள்

இன்று நாற்பத்தொரு அழைப்புகள். குடிநீர் வாரியத்தில் புகார் எடுக்கும் வேலைக்கு வந்து பதினோரு வருடமாகிறது. குழாய் உடைந்ததை நேரில் பார்த்தவர் சுருக்கமாகச் சொல்வார். கேள்விப்பட்டவர்தான் தெருவே மிதக்கிறது என்பார். குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன்.

வீட்டுக்கு வந்தால் அண்ணனின் ரத்த அழுத்த மாத்திரை குப்பைக்கூடையில் கிடக்கிறது. பாதி அட்டை பிரிக்கவே இல்லை.

"ஒரு வாரமா நிறுத்திட்டேன். உங்க அண்ணி ஒரு வீடியோ காமிச்சா. வெறும் வயித்துல ஒரு பொடி, அவ்வளவுதான்."

அவ்வளவுதானாமே!

பிப்ரவரி 4

பதினெட்டு நிமிட வீடியோவையும் பார்த்து முடித்தேன். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதஸ்கோப். என்ன படித்தார், எங்கே வைத்தியம் பார்க்கிறார் என்று ஒரு வார்த்தை கிடையாது. 'ஆராய்ச்சி சொல்கிறது' மட்டும் ஒன்பது தடவை. எந்த ஆராய்ச்சி? யார் செய்தது? மருத்துவர் பதிவேட்டில் தேடினேன், அந்தப் பெயரே இல்லை. கடைசி நிமிடத்தில் பூனைக்குட்டி வெளியே வந்தது: அதே பொடியை வாங்க ஒரு போன் நம்பர்.

சாப்பிடும்போது எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே.

"நீ என்ன டாக்டரா?" என்றார் அண்ணன். அண்ணி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போய்விட்டார்.

பிப்ரவரி 5

நான் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. பிறகு ஏன் தோற்ற மாதிரி இருக்கிறது?

பிப்ரவரி 8, சனி

ஆத்திரமாகப் பேசுகிறவரிடம் அலுவலகத்தில் நாங்கள் மல்லுக்கு நிற்பதில்லை. ஆளை அனுப்பி அளந்து பார்ப்போம். இது ஏன் எனக்கு நாலு நாள் கழித்துத் தோன்றியது?

"பொடி வேலை செய்யுதான்னு அளந்தே பார்த்துடலாம்ண்ணா. கம்மியா இருந்தா நான் வாயே திறக்கல" என்றேன். மூன்று பேருமாகச் சுகாதார நிலையத்துக்குப் போனோம்.

நூற்று எண்பத்திரண்டுக்கு நூற்றுப் பன்னிரண்டு. நர்ஸ் ஐந்து நிமிடம் உட்காரவைத்து மறுபடி எடுத்தார். ஏறக்குறைய அதேதான்.

"நல்லாத்தானே இருக்கேன், ஒரு தலைவலிகூட இல்லையே?" என்றார் அண்ணன்.

"இதுல வம்பே அதுதான் சார். ஏறுறது தெரியவே தெரியாது" என்றார் நர்ஸ்.

மருத்துவர் உடனே மாத்திரையைத் தொடங்கச் சொன்னார். வீட்டுக்குத் திரும்பினோம். சமையலறையில் அண்ணி உடைந்து போனார்.

"அவருக்கு நான் கெடுதல் நினைப்பேனா? ஆஸ்பத்திரியில எங்க முகத்தைப் பார்த்து மூணு நிமிஷம் பேசல. இந்தாளு பதினெட்டு நிமிஷம் புரியற மாதிரி பேசினான். நம்பிட்டேன்."

அன்றைக்குச் சத்தமாகப் பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். பிறகு, புகார் சொல்பவர்களிடம் நான் கேட்பதை மட்டும் சொன்னேன்: யார் சொல்றாங்க, எப்போ சொன்னாங்க, எதை வெச்சு, இதுல அவங்களுக்கு என்ன லாபம்? அண்ணி மூக்கைச் சிந்திக்கொண்டே தலையாட்டினார். காதில் ஏறியதா தெரியவில்லை.

மார்ச் 1

அண்ணனுக்கு நூற்று முப்பத்தாறு, எண்பத்து நான்கு. மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.

மார்ச் 14, வெள்ளி

பதினொரு மணிக்கு அண்ணி அலுவலகத்துக்கே போன் செய்தார். "ஒரு இருமல் மருந்துல ஏதோ கோளாறாம், கடைகள்ல திரும்ப வாங்கிக்கிறாங்களாம். வாட்ஸ்அப் குரூப்ல வந்திருக்கு."

"வழக்கமான புரளி அண்ணி. கண்டுக்காதீங்க."

அண்ணி விடவில்லை.

"நான் பார்த்துட்டுத்தான் பேசறேன். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை வெப்சைட்லயே நேத்து தேதி போட்டு இருக்கு. மருந்துக் கடையிலயும் கேட்டேன். நம்ம வீட்டு பாட்டில்லயும் அதே பேட்ச் நம்பர். காலையில ரெண்டு மூடி குடிச்சிட்டுப் போனியே, அதான் கூப்பிட்டேன். டாக்டரையும் கேட்டாச்சு, ரெண்டு மூடிக்குப் பயமில்லையாம். மயக்கம், கியக்கம் வந்தா மட்டும் உடனே சொல்லு."

ஒரு கேள்விகூடக் கேட்காமல் புரளி என்று முத்திரை குத்தியது நான்!

மயக்கமெல்லாம் வரவில்லை. சாயங்காலம் பாட்டிலைக் கடையில் கொடுக்க இருவருமாக நடந்தோம். வழியில், காலையில் அண்ணி மருந்தைப் பற்றி எச்சரித்திருந்த எதிர்வீட்டுக்காரி கைபேசியை நீட்டிக்கொண்டு ஓடிவந்தாள். நான் கை நீட்டினேன். அவள் என்னைத் தாண்டிப் போய் அண்ணியிடம் கொடுத்தாள்.

"அக்கா, இது நெசமா புளுகா, கொஞ்சம் பாருங்களேன்."