நாற்பத்து நாலும் ஒரு சட்டை வாலும்

பென்சில்வேனியா, வீட்டிலிருந்து
9 அக்டோபர் 1983

அன்புள்ள ஹார்லனுக்கு,

நான் சுகம். கடலுக்கு நடுவே எண்ணெய் தோண்டும் மேடையில் நீயும் சுகமாய் இருப்பாய் என்று நம்புகிறேன். மரம் அறுக்கும் மில் மூடினதிலிருந்து ஊரில் பாதிப் பேர் தெற்கே போய்விட்டார்கள். ஏணியிலிருந்து விழுந்த என் தோள் இன்னும் முழுதாகச் சரியாகவில்லை. இனி ரைஃபிள் கட்டையை அதில் முட்டுக் கொடுக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒரு சேதி. இந்த வருஷம் மான் வேட்டைக்கு, நீ வழக்கமாகப் போகும் முகாமுக்கு நானும் போகிறேன். சிரிக்காதே. ரைஃபிள் முடியாது என்பதால் கைத்துப்பாக்கி. தீவனக் கடை டுவெயின் சொல்லித் தருகிறார். மனைவி இறந்ததிலிருந்து அவருக்கும் ஞாயிற்றுக்கிழமை போக மாட்டேனென்கிறது. தன்னுடைய முந்நூற்றைம்பத்தேழு ரகத் துப்பாக்கியை இரவல் கொடுத்திருக்கிறார். "இது போதும் வில்மா. ஓடைப் புதர்ல மான் முப்பது கஜத்துக்குள்ளதான் வரும். தள்ளி நின்னா சுடாதே, அவ்வளவுதான்" என்கிறார். நீ என்ன நினைக்கிறாய்?

உன் வில்மா

லூசியானா, கடல் மேடை
20 அக்டோபர்

அன்புள்ள வில்மா,

உன் கடிதத்தில் என் பெயர் தலைப்பில் மட்டும் இருந்தது. அவன் பெயர்தான் உள்ளே. போகட்டும்.

நீ முகாமுக்குப் போவதில் எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் முந்நூற்றைம்பத்தேழா? அது போலீஸ்காரன் இடுப்பில் தொங்குகிற சாமான். மானைச் சுட்டால் மான் திரும்பி யாரென்று கேட்கும். எண் பெரிதென்று ஏமாறாதே, அதன் குண்டு சின்னது; நாற்பத்து நாலுதான் பெரிய குண்டு, அதற்குக் குறைந்து எதுவும் ஆகாது. என்னுடையது அலமாரியில் இருக்கிறது. சாவி காப்பி டப்பாவில். புருஷன் துப்பாக்கி வீட்டில் இருக்க, ஊரான் துப்பாக்கி எதற்கு? கோழித் தீவனம் விற்கிறவனுக்குத் தோட்டாவைப் பற்றி என்ன தெரியும்?

சொல்லித் தரும்போது அவன் எங்கே நிற்கிறான்? பக்கத்திலா, பின்னாலா? பாதுகாப்புக்காகத்தான் கேட்கிறேன்.

உன் ஹார்லன்

1 நவம்பர்

அன்புள்ள ஹார்லனுக்கு,

பின்னால்தான் நிற்கிறார். துப்பாக்கி பிடித்திருக்கிறவளுக்கு முன்னால் நிற்க அவருக்கென்ன பைத்தியமா?

உன் நாற்பத்து நாலை எடுத்துச் சுட்டுப் பார்த்தேன். அம்மாடி! மணிக்கட்டு விண்ணென்று தெறித்தது. தோள் கழன்றுவிட்டதோ என்று பயந்தேன். அடுத்த குண்டுக்கு விசையைத் தொடும் முன்னாலேயே கண் தானாக மூடிக்கொள்கிறது. குண்டு குறிப்பலகைப் பக்கமே போகவில்லை. டுவெயின் சிரிக்கவில்லை. "கண்ணை மூடிக்கிட்டுச் சுடுற பெரிய குண்டைவிட, கண்ணைத் திறந்துக்கிட்டுச் சுடுற சின்ன குண்டு மேல். ரெண்டுக்கும் நடுவுல நாற்பத்தொண்ணுன்னு ஒரு ரகம் இருக்கு, அதுகூட உன் தோளுக்கு வேண்டாம். நெஞ்சுக்கூட்டுல படணும், அதுதான் கணக்கு" என்றார். சின்னதில் சுட்டால் என் குண்டுகளெல்லாம் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கிவிடுகின்றன.

நன்றி நாள் விருந்துக்கு வருவாயா? வான்கோழி சொல்லி வைத்திருக்கிறேன். பூசணிப் பணியாரமும் உண்டு.

வில்மா

12 நவம்பர்

வில்மா,

நன்றி நாளுக்கு வர முடியாது. லீவே கேட்கவில்லை. வான்கோழியை அறுக்கத்தான் ஆள் இருக்கிறாரே.

எனக்கு வயிற்றெரிச்சல் என்று நினைக்காதே. வயிற்றெரிச்சல்தான். இரும்பு மேடையில் நாள் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கில் நிற்கிறேன். அங்கே ஒருத்தன் என் பெண்டாட்டிக்குப் பின்னால் நின்று மூச்சை எப்படிப் பிடிப்பது என்று சொல்லிக் கொடுக்கிறான். எவனுக்குத்தான் பொறுக்கும்?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். போனால் என் துப்பாக்கியோடு போ. இல்லையென்றால் போகாதே. அவனுடையது உன் கையில் இருக்கக் கூடாது. முகாமில் ஜன்னலோரக் கட்டில் என்னுடையது. அதில் அவனைப் படுக்க விடாதே.

ஹார்லன்

11 டிசம்பர்

ஹார்லன்,

நீ கேட்டபடியே செய்தேன். வேட்டைக் காலம் தொடங்கிய திங்கட்கிழமை உன் நாற்பத்து நாலோடுதான் போனேன். உன் சிவப்புக் கட்டம்போட்ட சட்டையும் என் மேல் இருந்தது. அதில் இன்னும் உன் புகையிலை வாசம் இருக்கிறது.

விடிந்து கொஞ்ச நேரத்தில் ஒரு கிடா மான், நல்ல கொம்பு, ஓடையைத் தாண்டி வந்து பக்கவாட்டில் நின்றது. சுட்டேன். கண் மூடிக்கொண்டது. ஹெம்லாக் மரக்கிளை ஒன்று முறிந்து விழுந்தது. கிடா வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு போயே போய்விட்டது. காயப்படாமல் போனதே, அதுவரை புண்ணியம். தோளைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

குறி தப்பினால் சட்டையின் பின்னால் தொங்கும் வாலை வெட்டி, தப்பினவர் பெயர் எழுதிச் சுவரில் ஆணியடிப்பதுதான் முகாம் வழக்கம், உனக்குத் தெரியாததா? சமையல்காரர் பட் கிழவர்தான் பஞ்சாயத்து. "குறி தப்புனது இவதான். ஆனா இந்தப் பீரங்கியைப் பொறுக்கிக் கொடுத்தது எவன்? ஹார்லன்! சட்டையும் அவனுது. எழுதுங்கடா அவன் பேரை!" என்றார். எல்லோரும் கூரை பறக்கச் சிரித்தார்கள். டுவெயின் மட்டும் சிரிக்கவில்லை. என் தோளுக்கு வெந்நீர்ப் பை கொண்டுவந்தார்.

அடுத்த நாளே சின்னதை எடுத்துக்கொண்டேன். நேற்று, கடைசி நாள், இருபது கஜத்தில் ஒரு சின்னக் கிடா. ஒரே குண்டு. கண் திறந்திருந்தது. இறைச்சி குளிர்பெட்டி நிறைய இருக்கிறது.

இனி நான் சொல்லாததைச் சொல்கிறேன். முகாம் சட்டப்படி, தொடர்ந்து இரண்டு வருஷம் வேட்டைக்கு வராதவன் கட்டில் அடுத்தவனுக்குப் போய்விடும். போன வருஷமும் நீ வரவில்லை. வீட்டு ஆள் யாராவது வந்து வேட்டையாடினால் கட்டில் அவன் பெயரிலேயே நிற்கும். இதை எனக்கு வந்து சொன்னது டுவெயின். உன் கட்டிலுக்கு வரிசையில் அடுத்த ஆளும் அவர்தான். "ஹார்லன் திரும்பி வரும்போது இடம் இல்லாமப் போகக் கூடாது. நீ வந்துடு வில்மா" என்றார். உன்னிடம் சொன்னால் வேலையை உதறிவிட்டு ஓடி வருவாய் என்று பயந்துதான் மறைத்தேன்.

டுவெயின் என் தோளைப் பார்த்துத் துப்பாக்கி தேர்ந்தெடுத்தார். நீ டுவெயினைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தாய். இதுதான் எனக்கு ஆறவில்லை.

கட்டில் உன்னுடையதுதான். அதற்கு நேர் மேலே உன் பெயர் எழுதின வால் தொங்குகிறது. வந்து படுப்பதும் படுக்காததும் உன் இஷ்டம்.

வில்மா

17 டிசம்பர்

என் வில்மாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்த என் முகத்தைப் பார்த்துவிட்டு, பல்வலியா என்று கூட இருக்கிறவர்கள் கேட்டார்கள். ஆமாம் என்றேன்.

உன் தோளை நான் மறந்தேபோனேன். அந்த ஏணியைச் சாய்த்து வைத்தவனே நான்தான், அப்படியும் மறந்தேன். நாற்பத்து நாலை விற்றுவிடு. இல்லை, வேண்டாம், டுவெயினுக்கே கொடுத்துவிடு. அவருக்கு நன்றியும் சொல். வேண்டாம், நீ சொல்லாதே. நானே வந்து சொல்கிறேன்.

கிறிஸ்துமஸ் முடிந்ததும் வரும் முதல் படகில் கரைக்கு வந்து பஸ் பிடிக்கிறேன். லீவு கேட்டேன், கொடுத்துவிட்டார்கள்.

ஒரே ஒரு கேள்வி. கோபப்படாதே. அந்தச் சட்டை வாலை வெட்டியபோது கத்தரிக்கோல் யார் கையில் இருந்தது?

உன் ஹார்லன்

22 டிசம்பர்

அடப் பாவி மனுஷா,

என் கையில்தான் இருந்தது. சட்டையைக் கழற்றி மேஜை மேல் விரித்து நானே வெட்டினேன். உன் பெயரையும் நானே எழுதினேன். உள்ளே கம்பளி ஸ்வெட்டர் போட்டிருந்தேன், அதைக் கேட்டு இன்னொரு கடிதம் போடாதே.

பஸ் நிறுத்தத்துக்கு நான் வருகிறேன். தனியாக.

வில்மா