கிளாஸ்கோ பெஞ்சில் அப்பா

கடத்தூர்,
தை மாதம், செவ்வாய்க்கிழமை.

மகள் எழிலரசிக்கு அப்பா தர்மன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாடும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகமாகத்தான் இருக்கிறாய் என்று அந்த ஆப் காட்டுகிறது. ஆனால் அது இடத்தைக் காட்டுகிறதே தவிர ஆளைக் காட்டுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை மழையில் நனைந்தாயே, சளி பிடித்ததா, நெஞ்சு கட்டியிருக்கிறதா என்று நீயே எழுதினால்தான் நம்புவேன். போனில் நீ அழுதுகொண்டே சத்தம் போட்டாய், நான் வைத்துவிட்டேன். அப்புறம் நீ கூப்பிட்டுக்கொண்டே இருந்ததும் தெரியும், எடுக்கவில்லை. எனக்கு இதை எழுதித்தான் சொல்ல வரும். முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படு, பாதியில் கோபப்படாதே.

ஊர் சேதி பெரிதாக ஒன்றும் இல்லை. மாமரம் இந்த வருஷம் நன்றாகப் பூத்திருக்கிறது, ஆனால் பனி அதிகம், பூ எவ்வளவு நிற்கும் என்று தெரியவில்லை. செவலை மாடு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுக் கருப்பண்ணன் குடும்பத்தோடு ஓசூருக்குப் போய்விட்டான், மகன் கம்பெனியில் வேலை வாங்கிக் கொடுத்துவிட்டானாம். சாவியை என்னிடம் கொடுத்திருக்கிறான், வாரத்துக்கு ஒரு தரம் திறந்து கூட்டிவிட்டு வருகிறேன். ஆக இந்தப் பக்கம் சாயங்காலம் விளக்கு எரிவது நம் வீட்டில் மட்டும்தான். சமையலுக்கு ஆள் வைக்கச் சொல்லிக்கொண்டே இருக்கிறாய், வைக்கமாட்டேன். எனக்குக் களி கிளறத் தெரியும். ஒரு ஆளுக்கு அளவாகக் கிளறத்தான் தெரியவில்லை, எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மீந்துபோகிறது, கரைத்து மாட்டுக்கு ஊற்றுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மா காவேரிக்கு முதல் வருஷத் தெவசம் வந்தபோது நீ வரவில்லை, லீவு இல்லை என்றாய். நீ வரவேண்டிய நாளில் கூரியரில் ஒரு போன் வந்தது. சொந்தபந்தம் எல்லாம் பார்க்க அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் பீரோவில் வைத்தேன், என் மகள் கையால் கொடுக்காத இதை நான் தொடமாட்டேன் என்று சொன்னேன். இன்றுவரை மேல் ஒட்டைக்கூடப் பிரிக்கவில்லை, வந்தால் நீயே பார்த்துக்கொள். அதற்கப்புறம் நீ கூப்பிடுவது குறைந்தது. எங்கேயாவது போனாயா, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால், எல்லாம் அந்த ஊர் சுற்றிப் பார்க்கிற ஆப்பில் போட்டிருக்கிறேன், போனைப் பிரித்தால் தெரியும் என்றாய். அது எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் என் மகள் எங்கே போகிறாள், எங்கே வருகிறாள் என்று நான் பார்க்க வேண்டாமா. போனைத் தொடமாட்டேன் என்றுதான் சொன்னேன். நீ காலேஜ் படிக்கும்போது வைத்திருந்த கம்ப்யூட்டரைத் தொடமாட்டேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

அதை மூட்டை கட்டி கடைவீதியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சசிகலாவிடம் கொண்டுபோனேன். நம் தூரத்துப் பங்காளி மருமகள், உனக்குத் தெரியும், வாய் கொஞ்சம் நீளம். போனில் ஓடுகிறதை இதில் ஓட்ட வழி இருக்கிறதா என்று கேட்டேன். ஏனுங் மாமா, பீரோக்குள்ள புதுப் போனு தூங்குது, நீங்க இதுக்குள்ள ஒரு போன உண்டு பண்ணச் சொல்றீங்க, வீம்புக்கும் ஒரு அளவு வேணாங்களா என்று சிரித்தாள். அளவு வைத்துக்கொண்டு வீம்பு பிடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை, வேலையைப் பாரு என்றேன். கம்ப்யூட்டருக்குள் ஒரு போன் இருப்பது போலக் காட்டுகிற மென்பொருள் இருக்கிறதாம். மெமரி பத்தாது என்று ஒரு பட்டை வாங்கிச் செருகினாள், கம்ப்யூட்டர் ஓட ஆரம்பிக்கும்போது வருகிற நீலத் திரையில் எதையோ மாற்றினாள். ஒவ்வொன்றையும் இரண்டாம் தரம் நானே செய்து பார்த்துக்கொண்டேன். வீட்டுக்குக் கேபிள்காரரிடம் இன்டர்நெட் இணைப்பு வாங்கினேன். என் நம்பரை நீ முன்பே அப்பா என்று அந்த ஆப்பில் சேர்த்து வைத்திருந்தாயாம், ரகசிய எண் என் பட்டன் போனுக்கு வந்தது. அகலமான திரையின் நடுவில் ஒரு போன் நெட்டுக்குத்தாக நின்றது, இரண்டு பக்கமும் கறுப்பு. விரலால் தள்ளுகிறதையெல்லாம் மவுசை அழுத்திப் பிடித்து இழுக்கவேண்டும். பழைய மிஷின், உள்ளே விசிறி மாவு மில் மாதிரி சத்தம் போடும். இருந்தாலும் ஓடுகிறது.

அந்தக் கம்ப்யூட்டருக்குத் தான் இருக்கிற இடம் தெரியாதாம். முதல் நாள் அது என்னை அமெரிக்காவில் நிற்பதாகச் சொல்லி, பக்கத்தில் ஒரு பாலத்தைப் பார்க்கச் சொன்னது. இடத்தை நாமே எழுதிக் கொடுத்தால் போதும் மாமா, அது நம்பிக்கும் என்றாள் சசிகலா. கடத்தூர் என்று கொடுத்தேன். உங்கள் அருகில் பார்ப்பதற்கு எதுவும் இல்லை என்று இங்கிலீஷில் வந்தது. அகராதியை வைத்துப் படித்துப் பார்த்தேன், அதையேதான் சொன்னது. எனக்கு வருத்தமாகிவிட்டது. அப்புறம் நீ அனுப்பிய பெட்டியின் மேல் இருந்த உன் கிளாஸ்கோ முகவரியை எழுத்து எழுத்தாகப் பார்த்து அடித்தேன். திரையில் உன் தெரு வந்தது. நீலப் புள்ளி ஒன்று உன் வாசலில் வந்து நின்றது. அந்தப் புள்ளிதான் நான்.

அன்றிலிருந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு தினமும் அங்கே போய்விடுவேன். உன் தெருமுனையில் ரொட்டிக் கடை, அதைத் தாண்டி நூலகம், வலது பக்கம் திரும்பினால் பூங்கா, நேராகப் போனால் ஆறு. இப்போது கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். நீ போன இடத்திலெல்லாம் ஆப் அடையாளத்துக்கு ஒரு பூ போட்டுக் காட்டுகிறது. ஒவ்வொரு பூவாக அமுக்கி நீ எடுத்த படங்களைப் பார்த்தேன். எழிலு, எல்லாப் படத்திலும் ஒரு கோப்பைதான் இருக்கிறது. ஒரு நாற்காலிதான் இழுத்துப் போட்டிருக்கிறது. ஆற்றங்கரை பெஞ்சுக்கு மட்டும் அடிக்கடி போயிருக்கிறாய், அதில் உன் பை ஒரு பக்கம், மறுபக்கம் காலி. இங்கே யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள், அதனால் பிடிக்கிறது என்று கீழே எழுதியிருந்தாய். சின்ன வயசில் உன்னைப் பேசாதே பேசாதே என்று அதட்டி ஓய்ந்தவர்கள் நானும் உன் அம்மாவும். எனக்கு அந்த வரி பிடிக்கவில்லை. பிள்ளை அங்கே யாரோடு பேசுகிறது என்ற நினைப்பு பால் கறக்கும்போதும் விடவில்லை.

அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, உனக்கு அப்போதுதான் விடிந்திருக்கும், புள்ளியை இழுத்துக்கொண்டு போய் அந்த பெஞ்சின் காலிப் பக்கத்தில் வைத்தேன். நீங்கள் இங்கே வந்துவிட்டீர்களா என்று ஆப் கேட்டது. ஆமாம் என்று அமுக்கினேன். அவ்வளவுதான் நான் செய்தது. உங்கள் அப்பா உங்களுக்கு அருகில் இருக்கிறார் என்று அது உன் போனுக்குச் சேதி அனுப்பும் என்று யார் கண்டது. மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தேன், பட்டன் போன் அடித்தது. அப்பா, எங்க நிக்கறீங்க, நான் பெஞ்சுகிட்டயே இருக்கறேன், உங்களக் காணமே என்றாய். மூச்சு இரைத்தது உனக்கு. நான் வூட்லதான் கண்ணு இருக்கறேன் என்றேன். போனில் மழைச் சத்தம் கேட்டது. அப்புறம்தான் அழுதாய். கோட்டுக்கூடப் போடாம வூட்டுச் செருப்போட ஓடி வந்தேனுங்கப்பா, பாலத்து மேலெல்லாம் போய்ப் பாத்தேன், எதுக்கு இப்படிப் பொய் சொன்னீங்க, மொதல்ல அந்தப் புள்ளிய எடுங்க என்றாய்.

பொய் சொன்னேன் என்கிறாய். எங்கே இருக்கிறாய் என்று மிஷின் கேட்டது, மனசு இருக்கிற இடத்தைச் சொன்னேன். இதில் பொய் எங்கே இருக்கிறது. லீவு இல்லை என்று நீ சொன்ன அந்த வாரத்தில் மலைமேல் ஒரு கோட்டைக்குப் போய்ப் பூ போட்டிருக்கிறாய், அதுவும் பார்த்தேன், அதை நான் பொய் என்று சொல்லவில்லை. அழுவதற்கு ஓர் இடம் தேடிப் போயிருப்பாய் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் ஒன்றுதான் எனக்கு விளங்கவில்லை. நான் பாஸ்போர்ட் எடுக்காதவன். நீ டிக்கெட் போடுகிறேன் என்றபோது உன் ஊருக்கு வரவே மாட்டேன் என்று சொன்னவன், சொன்னால் மாற்றமாட்டேன் என்பதும் உனக்குத் தெரியும். அப்படியிருந்தும் அப்பா பக்கத்தில் இருக்கிறார் என்றதும் ஒரு விநாடி யோசிக்காமல் ஓடி வந்திருக்கிறாய். சசிகலாவிடம் சொன்னேன். மாமா, நீங்க வருவீங்கன்னு எழிலு இன்னும் வழி பாத்துக்கிட்டுதான் இருக்குதுங்க என்றாள். முதல் தரமாக அவள் சிரிக்காமல் பேசினாள். நான் வீட்டுக்கு நடையைக் கட்டிவிட்டேன்.

புள்ளியை எடுக்கச் சொன்னாய். எடுக்கமாட்டேன். மிஷினை அணைத்தாலும் கடைசியாக வைத்த இடத்திலேயேதான் இருக்குமாம், விசாரித்துவிட்டேன். நான் வழி பார்த்துக்கொண்டிருக்கிறவன் என்றால் நீயும் வழி பார்த்துக்கொண்டிருக்கிறவள்தான், ஆளுக்கு ஓர் ஊரில் உட்கார்ந்து களியையும் ரொட்டியையும் மீத்துக்கொண்டிருக்கிறோம். மாசியில் உன் அம்மாவுக்கு இரண்டாம் வருஷம். தேதியை எழுதமாட்டேன், அது உனக்குத் தெரியும். நீ வா. வந்து உன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, உன் கையால் என்னை அந்த பெஞ்சிலிருந்து நம் வீட்டுக்கு இழுத்து வை. பீரோவில் இருக்கிற பெட்டியையும் நீயே பிரித்து என் கையில் கொடு, அப்போது தொடுகிறேன். பாஸ்போர்ட்டைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம், பேசலாம் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

குலதெய்வம் உன்னைக் கூடவே இருந்து காப்பாற்றட்டும், உன் அம்மாவின் ஆசியும் உண்டு. நல்லெண்ணெய் காய்ச்சி தலைக்கு வை, ஈரத் தலையோடு படுக்காதே. அந்த பெஞ்சுக்குப் போகிற நாளில் மறக்காமல் கோட்டு போட்டுக்கொள். நான் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறேன், எழுந்து போய்விடமாட்டேன், அதனால் ஓடாதே, மெதுவாக நடந்தே வா.

இப்படிக்கு,
உன் அப்பா
தர்மன்