இடக்கைக் கத்தரிக்கோலுக்கு ஓர் உறை

மார்ச் 4

பிசியோ பெண் இன்று என்னை மாடிப்படிக்குக் கூட்டிப்போய்ச் சொன்னாள். பக்கவாதம் வந்து நான்கு மாதமாகியும் அம்மாவின் இடது கையில் ஒரு விரல்கூட அசையவில்லை, இனி எதிர்பார்க்க வேண்டாம். வலது கையைப் பழக்க வேண்டும், அதையும் உடனே. "அவங்க என் பேச்சைக் கேக்கறதில்ல. நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

தலையாட்டிவிட்டு உள்ளே வந்தேன். "என்ன சொன்னா?" என்றாள் அம்மா. நாளைக்குக் கொஞ்சம் லேட்டாக வருவாளாம் என்றேன். பொய் மட்டும் எனக்குத் தங்குதடையில்லாமல் வருகிறது.

மார்ச் 5

தம்பிக்குப் போன் செய்தேன். "நீ பக்கத்துலயே இருக்கக்கா, நீ சொன்னாதான் சரியா இருக்கும்" என்றான். தூரத்தில் இருப்பவர்களுக்கு எல்லாமே சரியாகத்தான் தெரியும்.

மார்ச் 8

அம்மா இன்னும் கரண்டியைத் தொடுவதில்லை. நான் ஊட்ட வேண்டும். நான் ஆபீஸ் போய்விட்டால் எதிர்வீட்டு அக்கா ஊட்ட வேண்டும். வலது கைக்கு ஒரு குறையும் இல்லை. கேட்டால், அது சோம்பேறிக் கை என்கிறாள். நாற்பது வருடம் இடது கையால் துணி வெட்டியவள். மடியில் கிடக்கும் அந்தக் கையைத் தட்டிக்கொடுத்து, வந்துடும், வந்துடும் என்கிறாள்.

இன்று கத்தரிக்கோலைக் கேட்டாள். தாத்தாவுடையது. அவரும் தையல்காரர், அவரும் இடக்கை. நான்கு பிள்ளைகளில் அம்மாவுக்குத்தான் அந்தக் கை வந்தது, அதனால் கத்தரிக்கோலும் வந்தது. வலது கையால் பிடித்தால் அது வெட்டாது, துணியை மடித்துக் கடித்துக்கொள்ளும். எனக்கு வலக்கை. நான் தையல் பக்கமே போகாததற்கு அதைத்தான் காரணம் சொல்வது. நல்ல சாக்கு.

அம்மா விழுந்த அன்று அதுவும் கையிலிருந்து விழுந்தது. பழந்துணியில் சுற்றி வைத்திருந்தேன். பிரித்தால் லேசாகத் துரு. அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. "நான் திரும்ப எடுக்கறப்ப இப்படியா இருக்கும்?"

தோலில் ஓர் உறை தைத்துத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். எதற்கு? ஏதாவது சொல்லியாக வேண்டியிருந்தது.

மார்ச் 15

பை ரிப்பேர் கடைக்காரரிடம் ஒரு தோல் துண்டும் குத்தூசியும் மெழுகு நூலும் வாங்கினேன். டெய்லர் வீட்டுப் பெண் முதல் தடவையாக ஊசி பிடிப்பதை வெளியில் சொல்லிவிட வேண்டாம் என்றார்.

அளவெல்லாம் அம்மா சொன்னாள். நாற்காலியின் இடது கைப்பிடியில் மாட்ட ஒரு பட்டி. மூடி முன்பக்கமாகத் திறக்க வேண்டும், இடது கை நேராக உள்ளே போகும்படி. நான் அட்டையில் வரைந்தேன். கோடு வளைகிறது என்று அதட்டினாள். எத்தனை நாளாயிற்று அவள் அதட்டி! இன்றைக்குப் போய் எப்படிச் சொல்வது? வராத கைக்கு வழி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மார்ச் 16

சொல்லவில்லை.

மார்ச் 17

இன்றும் இல்லை. வாய் வரை வந்தது. கையாலாகாதவள் நான்தான், அம்மா இல்லை.

மார்ச் 22

அம்மா மதியம் தூங்கும்போது தோலை வெட்டினேன். ஒவ்வொரு தையலுக்கும் முதலில் ஓட்டை போட வேண்டும். கட்டைவிரலில் இரண்டு குத்து. வலி பரவாயில்லை. அந்த நேரத்துக்கு வேறு எதுவும் நினைவுக்கு வருவதில்லை.

மார்ச் 29

முடிந்தது. முடிந்தே போனது.

மாட்டிப் பார்த்தால் மூடி பின்பக்கம் திறக்கிறது. அட்டையைத் தோலின் உள்பக்கத்தில் வைத்து வரைந்திருக்கிறேன். திருப்பினால் இடம் வலமாகிவிடும் என்று இந்த மண்டைக்கு எட்டவில்லை. அம்மாவின் கடையில் ஒருவர் இப்படித்தான் ஒரு சட்டைக்கு இரண்டும் இடது கையாக வெட்டிவிட்டார். அதைச் சொல்லிச் சொல்லிப் பத்து வருடம் சிரித்தாள். இப்போது அவள் பெண்ணே அதைச் செய்திருக்கிறாள்.

பிரிக்கலாம் என்றால் தோலில் போட்ட ஓட்டை போட்டதுதான். வேறு தோலும் இல்லை. வலது கைப்பிடியில் மாட்டிப் பார்த்தேன். கச்சிதமாகப் பொருந்துகிறது. இதை எப்படி அவளிடம் காட்டுவேன்?

மார்ச் 30

காட்டினேன். மடியில் வைத்து, வலது கையால் தையலைத் தடவிப் பார்த்தாள். பட்டியைப் பார்த்தாள், மூடியைப் பார்த்தாள்.

"அன்னைக்கு மாடிப்படில அவ சொன்னது இதானே?"

"இல்லம்மா, தப்பா வெட்டிட்டேன். திருப்பி வெச்சு வரைஞ்சிட்டேன்." அது சத்தியமான உண்மை. இத்தனை நாள் சொன்ன பொய்யெல்லாம் நம்பியவள் இதை நம்பவில்லை.

"என் பொண்ணு அப்படி வெட்டமாட்டா. சொல்ல வாய் வரல, தைச்சுக் காட்டிட்ட."

அவள் சொன்னதும் உண்மைதானே.

வலது பக்கம் மாட்டச் சொன்னாள். வலது கையாலேயே மூடியின் பிரஸ் பட்டனைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தாள். சேலைத் தலைப்பின் ஓரத்தில் வைத்து அழுத்தினாள். துணி மடிந்து நடுவில் மாட்டிக்கொண்டது. இன்னொரு தடவை. அப்போதும் மடிந்தது. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். பிறகு அதை உள்ளே வைத்தாள். பட்டன் மூன்றாவது தடவைதான் மாட்டியது. நான் கை நீட்டவில்லை.

இடது கையை அதற்குப் பிறகு தட்டிக்கொடுக்கவில்லை.

ஏப்ரல் 2

காலையில் கரண்டியை அவளே வலது கையில் எடுத்தாள். பாதி நெஞ்சில் சிந்தியது. துடைக்கப் போனேன்.

"கை வைக்காத. நான் பாத்துக்கறேன்" என்றாள்.

முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆபீசுக்கு லேட். கத்தரிக்கோல் உறைக்குள் இருக்கிறது. இனி யார் எடுக்கப் போகிறார்கள் என்று தெரியவில்லை. வாரம் ஒரு தடவை எண்ணெய் போடச் சொல்லியிருக்கிறாள்.