நாற்பது பொறிகள்

ஜனவரி 30, செவ்வாய்

பாகியோ மலையில் இன்றும் பனிமூட்டம். ஜீப்னி வண்டிக்கு அரை மணி நேரம் நின்றதில் விரல் மரத்துவிட்டது. முதல் வகுப்பு ‘அலோன்’, ‘லோன்லி’. அலோன் என்றால் பக்கத்தில் யாரும் இல்லை, அவ்வளவுதான். லோன்லி என்றால் யாரும் இல்லையே என்று மனம் வாடுவது. இடையில் வழக்கம்போல் ஒரு பொய் வைத்தேன்: “பத்துப் பேரோடு வாழ்பவன் லோன்லியாக இருக்க முடியாது.” உக்-ஜின் உடனே கையைத் தூக்கிவிட்டார். கொரியாவில், பூசானில் இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டியவர், ஓய்வுக்குப் பிறகு இங்கிலீஷ் படிக்க வந்திருக்கிறார்.

“டீச்சர், பொறி! என் பஸ்ல தினம் அறுபது பேரு. நான் லோன்லி.”

உள்ளங்கையை நீட்டினார். ஜாக்கெட் பையிலிருந்து ஸ்ட்ராபெரி மிட்டாய் எடுத்து வைத்தேன். என் பாட நோட்டில் பக்கத்துக்கு ஒரு பொறி, பிடித்தால் மிட்டாய். ஏழு வருடமாக என் வகுப்பு இப்படித்தான். எது பொறி என்று நோட்டில் குறிப்பதில்லை, என் தலையில்தான் இருக்கிறது.

அந்த நோட்டைத் தலைமை ஆசிரியர் ஹெர்மினியோ கிறிஸ்துமஸுக்கு முன் வாங்கிப்போனார், புது ஆசிரியர்களுக்குக் காட்டவாம். இன்னும் திருப்பித் தரவில்லை. நாளை கேட்க வேண்டும்.

பிப்ரவரி 2, வெள்ளி

கேட்க வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அலுவலகத்தில் பெட்டி பெட்டியாகப் புத்தகம் இறங்கியது. ‘ஒன்றுபோல் தோன்றும் சொற்கள்’. கீழே தங்க எழுத்தில் ஹெர்மினியோ பங்சால்.

பிரித்தேன். என் வாக்கியங்கள். என் உதாரணங்கள். என் அத்தை நெனிங்கின் பன்றிகூட அப்படியே பதினேழாம் பக்கத்தில் நிற்கிறது! என் பெயர் எங்கும் இல்லை.

நேரே போய்க் கேட்டேன். அவர் காபியை ஊதிக்கொண்டே, “ஸ்கூல் நேரத்துல எழுதினதுதானே மேடம்? அப்ப அது ஸ்கூலோடது. இதுக்குப் போய் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிறீங்களே,” என்றார்.

ஏழு வருடம். அந்த ஆளுக்கு ‘ஹியர்’ எது ‘லிசன்’ எது என்று கேட்டால் சொல்லத் தெரியுமா?

பிப்ரவரி 3, சனி

பொறிகளையும் சேர்த்தே அச்சடித்திருக்கிறான். நாற்பது பக்கம், நாற்பது பொய். கடவுளே, படித்துக்கூடப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 6, செவ்வாய்

லூஸ் என் பக்கத்து மேசைக்காரி. அவளிடம் மட்டும் சொன்னேன்.

“போய் ஓனர் நாம் சார்கிட்ட சொல்லுடீ. அவரு நியாயமான ஆளு.”

“சொன்னா? தப்பைத் திருத்தி, அவன் பேர்லயே மறுபடி அடிப்பாங்க. நான் திருத்திக் கொடுத்த வேலைக்காரி. அவ்வளவுதான்.”

“அப்ப என்னதான் பண்ணப் போற?”

ஒன்றும் பண்ணப் போவதில்லை. அதுதான் திட்டம். பதினாறாம் தேதி நாம் சார் முன்னால், சியோலிலிருந்து மாணவர்களை அனுப்பும் ஏஜெண்டுகள் முன்னால், ஹெர்மினியோ அந்தப் புத்தகத்தை வைத்து மாதிரி வகுப்பு எடுக்கிறார்.

பிப்ரவரி 12, திங்கள்

ஹெர்மினியோ அவராகவே வந்தார்! “மேடம், பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க. மாதிரி வகுப்புக்கு எந்தப் பக்கம் எடுக்கலாம்?”

“முப்பத்தொண்ணு எடுங்க சார். என்வி, ஜெலஸி. எல்லாரும் ரசிப்பாங்க.”

எவ்வளவு இனிமையாகச் சிரித்தேன்! என் சிரிப்பைப் பார்த்து எனக்கே பயமாக இருந்தது.

பிப்ரவரி 16, வெள்ளி

ஒன்று விடாமல் எழுதிவைக்க வேண்டும்.

மாணவர்கள் நடுவில், விருந்தாளிகள் ஓரத்தில், ஆசிரியர்கள் கடைசி வரிசையில். என்வி என்றால் அடுத்தவனிடம் இருப்பது எனக்கில்லையே என்ற புழுக்கம். ஜெலஸி என்றால் என்னிடம் இருப்பதை அடுத்தவன் பறித்துவிடுவானோ என்ற பதைப்பு. இதுவரை சரியாகச் சொன்னார். பிறகு உதாரணத்தைப் பலகையில் எழுதி, மணியான குரலில் வாசித்தார்:

“என் பக்கத்து வீட்டுக்காரர் புது ஃபிரிட்ஜ் வாங்கினார். அதை அவரிடமிருந்து யாராவது தூக்கிப் போய்விடுவார்களோ என்று எனக்கு பயம். இதுவே என்வி.”

“பொறி!” உக்-ஜின் நாற்காலி விழ எழுந்தார். “பிடிச்சுட்டேன்!”

அப்புறம் பழக்கதோஷத்தில் கடைசி வரிசைக்கு நடந்து வந்து, என் முன்னால் உள்ளங்கையை நீட்டினார்.

அறை முழுக்கத் திரும்பியது. “ஏன் அவங்ககிட்ட கை நீட்டுறீங்க?” என்றார் நாம் சார். உக்-ஜின் தன் உடைந்த இங்கிலீஷில் என் வகுப்பு, பொறி, மிட்டாய் எல்லாவற்றையும் சொன்னார். அதற்குள் என் பழைய மாணவர்கள் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார்கள். “பன்னிரண்டுல ஒண்ணு!” “இருபதுலயும் இருக்கு!” ஹெர்மினியோ சுண்ணக்கட்டியோடு அப்படியே நின்றார். காது மட்டும் சிவந்திருந்தது.

இனித்தது. பொய் சொல்ல மாட்டேன், அப்படி இனித்தது.

பிப்ரவரி 19, திங்கள்

ஹெர்மினியோ இனி தலைமை ஆசிரியர் இல்லை. நாம் சார் என்னை அழைத்துப் புத்தகத்தைக் காட்டினார். அவன் பெயர்மேல் ஒரு ஸ்டிக்கர். ஸ்டிக்கரில் என் பெயர், மாரிவிக் தகுபா.

“நூத்தி இருபது புத்தகத்துலயும் ஒட்டியாச்சு. திருப்தியா?”

அப்போதுதான் உறைத்தது. உள்ளே நாற்பது பொய். என் பெயரில்! நான் முன்னால் நின்றால்தான் அது பொறி. இல்லாவிட்டால் வெறும் பிழை. அதை நாம் சாரிடம் சொன்னேன்.

“அப்ப திருத்தணும்னு சொல்றீங்களா? தனித்தாள் அடிச்சுச் சொருகிடலாமே.”

“வேண்டாம் சார். கையால எழுதணும். ஒவ்வொரு புத்தகத்துலயும். ஹெர்மினியோ சார் எழுதட்டும்.”

நாம் சார் என்னை ஒரு கணம் பார்த்தார். சரி என்றார்.

பிப்ரவரி 20, செவ்வாய்

லூஸ் சொல்கிறாள்: “போதும்டீ. அந்த ஆளு சாப்பிடக்கூட வரல.” எனக்குப் போதவில்லை.

பிப்ரவரி 27, செவ்வாய்

வகுப்பு முடிந்ததும் ஒரே மேசையில் அவரும் நானும். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, அதுவும் எரிச்சல்தான்.

“மேடம், இந்தப் பக்கத்துல பொறி எது?”

“நீங்களே கண்டுபிடிங்க சார். உங்க புத்தகம்தானே.”

இன்று நான்கு பக்கத்தில் தோற்றுப்போய்க் கேட்டார், சொன்னேன். ஐந்தாவதாகப் பதினேழாம் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. திடீரென்று, “இதோ! ஏழாவது வரி! நெனிங் அத்தையோட பன்றி!” என்று கத்தினார். சரியாகத்தான் பிடித்திருந்தார். யாரோடு உட்கார்ந்திருக்கிறோம் என்பதே மறந்துபோய், உள்ளங்கையை நீட்டிவிட்டார்.

என் கை தானாகப் பைக்குள் போனது. மிட்டாய் இருந்தது.

எடுத்தேன். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பிரித்து, என் வாயில் போட்டுக்கொண்டேன்.