வாளியில் ஊறிய போக்லாந்துப் போர்

அன்பு மாறாத அத்தான்,

நீங்கள் கண்மூடி நாற்பது நாளாகிவிட்டது. முப்பத்தோராம் நாள் பூசையில் பங்குச் சுவாமியார் உங்களைச் சமாதானப் பிரியர் என்றார். பிரிட்டிஷ் படைகள் போன இடமெல்லாம் விடாமல் எழுதிவைத்தவர் நீங்கள் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

மொன்றியல் கோட்-டெ-நெய்ஜ் வீட்டு அலுமாரியில் உங்கள் குறிப்புக் கொப்பிகள் ஆறு இருந்தன. போக்லாந்து, குவைத், கொசோவோ, சியரா லியோன், ஆப்கானிஸ்தான், ஈராக். ஒவ்வொன்றிலும் நான்கு நிரல்: இறங்கிய நாள், திரும்பிய நாள், சொன்ன காரணம், உண்மைக் காரணம். கடைசி நிரல் பெரும்பாலும் வெறுமை. சியரா லியோனுக்கு மட்டும் "நல்ல காரியம் போலத் தெரிகிறது" என்று எழுதி, "போல" என்பதன் கீழ் கோடும் இழுத்திருக்கிறீர்கள்.

"ஆக்களைவிட ஆடு கூடின போக்லாந்துத் தீவுக்கு எட்டாயிரம் மைல் கப்பலில போனவங்கள், எங்கட ஊர்ச் சண்டைப் பக்கம் ஏன் எட்டியும் பார்க்கேல்லை?" என்று கேட்பீர்கள்.

"எங்களிட்ட இருக்கிற ஆடு காணாது, அத்தான்."

"பகிடி விடாதை மச்சான்." நீங்கள் சிரித்ததாக நினைவில்லை.

போன கிழமை உங்கள் மகன் யூட், டோர்வல் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலைக்கு விண்ணப்பித்தான். அதற்குப் பாதுகாப்பு அட்டை வேண்டும், பின்னணி விசாரணை உண்டு. அதைக் கேட்டதும் என் அக்கா உங்கள் கொப்பிகளைக் குளியலறை வாளியில் ஊறப்போட்டுவிட்டார். எரித்தால் புகைமணி அடித்துத் தீயணைப்பு வண்டி வந்துவிடும் என்று யோசித்திருக்கிறார்.

"மாமா, அப்பாவின்ர கொப்பியெல்லாத்தையும் அம்மா தண்ணிக்குள்ள போட்டுட்டா. உடன வாங்கோ," என்று யூட் போன் செய்தான். புரோசார்டில் என் வீட்டிலிருந்து நான் போய்ச் சேர ஒரு மணித்தியாலம். நீங்கள் மைப்பேனையால் எழுதிய ஈராக், நீலத் தண்ணீராகியிருந்தது. எவ்வளவு துழாவியும் ஒன்றும் கிடைக்கவில்லை. அங்கே நேரில் போய் ஆயுதம் தேடியவர்களுக்கும் அப்படித்தான். மற்ற ஐந்தும் ஈரத்தோடு பிழைத்தன.

"அம்மா, இது கனடா. ஒருத்தரும் கொப்பி பார்க்க வரமாட்டினம்."

"உன்ர அப்பாவும் ஊரில இப்பிடித்தான் சொன்னவர். கொப்பியில போக்லாந்துப் படத்தைக் கண்டிட்டு, இது எங்கட எந்தத் தீவு, ஆர் வந்து இறங்கப்போறாங்கள் எண்டு கேட்டு ஆமிக்காரர் மூண்டு நாள் காம்பில வைச்சு அடிச்சவங்கள்."

யூட் என்னைப் பார்த்தான். "எனக்கு ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?"

நீங்கள் சொல்லவில்லை, அதனால் நாங்களும் சொல்லவில்லை. மொன்றியலுக்கு வந்த முதல் வாரமே ஒரு கொப்பி வாங்கி, காம்பில் பறிபோன போக்லாந்துக் கொப்பியை நினைவிலிருந்து திரும்ப எழுதினீர்கள். அந்த மூன்று நாளைப் பற்றி ஒரு வரிகூட எங்கும் எழுதவில்லையே, ஏன் அத்தான்?

யூட் தாள்களைப் பிரித்து ஹீற்றரின் மேல் விரிக்கத் தொடங்கினான். அக்கா ஒரு கட்டுப் பழைய பேப்பரோடு வந்தார்.

"இழுக்காதை, கிழிஞ்சுபோம். இடையில பேப்பரை வை." பிறகு என்னிடம், "ஆனா இஞ்ச வைச்சிருக்க ஏலாது தம்பி. பிள்ளைக்கு அந்த அட்டை வரவேணும்."

ஆகவே ஐந்து கொப்பிகளும் இப்போது என் வீட்டில். அக்காவுக்குக் கொடுத்த வாக்கை உங்களுக்கும் தருகிறேன்: யாராவது வந்து கேட்டால், எழுதியது நான்தான் என்பேன். ஒருவரும் வரமாட்டார்கள் என்கிறான் யூட். இருந்தாலும் தினமும் ஒரு பக்கம் பார்த்தெழுதி, உங்கள் கையெழுத்தைப் பழகி வருகிறேன். இப்போது குவைத்தில் நிற்கிறேன்.

உங்கள் மனைவியின் தம்பியும்
உங்கள் மச்சானுமான
செபமாலை